வெட்டுத் துண்டும் ஒன்பது மணித்தியாலமும்

துணி வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணியைக் கண்டாலும் முதலில் விரலால் தேய்த்துப் பார்ப்போம். அடுத்த கணமே மீட்டர் என்ன விலைக்குப் போகும் என்று வாய் சொல்லிவிடும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் புறக்கோட்டையில் வாப்பாவின் கடையில் போய் நின்ற நாளிலிருந்து எனக்கும் இதுதான் தொழில். விரல் சொல்லும் விலை பெரும்பாலும் பிழைத்ததில்லை.

ஒரு முறை பிழைத்தது. அதில் நட்டப்பட்டவர் பிற மனிதர் அல்ல, என் சொந்தத் தங்கையின் மகள். என்னை நம்பிக் கையில் தந்த பொருளுக்கு நானே விலையைக் கெடுத்தேன். வெட்கமான விடயம்தான். ஆனாலும் நம்மில் பலர் வீட்டுப் பெண்களின் கைவேலையை எடுத்து விற்றுக் கொடுக்கிறோம். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கிலோக் கணக்கில் வந்த துணி

நமது நாட்டில் 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் ஆரம்பமானது. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றோடு வெட்டுத் துண்டு வியாபாரமும் வளர்ந்தது. சட்டையும் காற்சட்டையும் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளைச் சாக்கில் அடைத்துக் கிலோக் கணக்கில் விற்பார்கள். பெரிய துண்டு சிறுபிள்ளைகளின் உடுப்புக்குப் போகும். சிறிய துண்டு கால்மிதிக்கும், சட்டி பிடிக்கும் துணிக்கும் போகும். அதிலும் சிறியது கராஜில் எண்ணெய் துடைக்கப் போகும். எங்கள் கடையிலும் இந்த வியாபாரம் நடந்தது.

2013 இல் ஒரு நாள் மருமகள் வந்து, "மாமா, சின்னத் துண்டுல ஒரு சாக்கு தாங்களேன்" என்று கேட்டாள். அவளது கணவர் கட்டாரில் வேலை முடிந்து திரும்பியிருந்த நேரம். வீட்டில் அபாயாவும் பாடசாலை உடுப்பும் தைத்துத்தான் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். காசு வாங்காமல் ஒரு சாக்கைக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பத்துத் துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றும் 12 அங்குலச் சதுரம். ஒன்று முழுக்கச் சாம்பல் நிறம். ஆனால் ஒரே சாம்பல் அல்ல, ஏழெட்டு வகைச் சாம்பல். அதன் நடுவில் அல்லாமல் சற்று ஒரு பக்கமாக விரல் அகலச் சிவப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே சென்றது. இன்னொன்று நீலமும் கடுகு மஞ்சளும். ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல் நேராக இருந்தன.

"இது கால்மிதியா மகள், மேசைத் துணியா?" என்று கேட்டேன்.

"சுவர்ல கொளுவுற மாமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சுவருக்கு எதற்குத் துணி? அவள் ஒன்றும் சொல்லவில்லை. "எங்கயாவது வித்துத் தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலிலிருந்து சுவருக்கு

இதற்குக் குவில்ட் என்று பெயர். மேலே ஒட்டுப்போட்டுத் தைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே ஒரு துணி. இந்த மூன்று அடுக்கையும் சேர்த்து நெருக்கமாகத் தையல் ஓட்டினால் அதுவே குவில்ட். குளிர் நாடுகளில் போர்வையாகப் பாவிப்பது. அமெரிக்காவில் பழைய உடுப்புகளை வெட்டி ஒட்டுப்போட்டுப் பெண்கள் பரம்பரை பரம்பரையாகத் தைத்து வந்தார்கள். அந்த ஒட்டுப்போர்வை கலைப்பொருளான கதையை வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்வது நல்லது.

1971 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலுள்ள விட்னி அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. ஜொனதன் ஹோல்ஸ்டீன், கேல் வான் டெர் ஹூஃப் என்ற இருவர் தாம் சேகரித்த பழைய குவில்டுகளைப் படங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டார்கள். போர்வையை விரித்துப் பார்ப்பதற்கும் தூரத்தில் நின்று சுவரில் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஓவியர்கள் வரையும் நவீன ஓவியத்தைப் போன்ற நிறக் கட்டங்களைக் கிராமத்துப் பெண்கள் அதற்கு முன்பே துணியில் செய்திருந்ததைப் பலர் அன்றுதான் கவனித்தார்கள்.

பின்னர் சுவருக்கென்றே தைக்கும் கலைஞர்கள் பெருகினர். 1979 இல் ஒஹாயோ மாநிலத்தின் ஏதன்ஸ் நகரில், பழைய மாட்டுத் தொழுவம் ஒன்றில், குவில்ட் நெஷனல் என்ற கண்காட்சி ஆரம்பமானது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. 1989 இல் இக்கலைஞர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. அதன் சுருக்கப் பெயர் சாக்கா.

இந்தச் சங்கம் நடத்தும் ஏலத்தைப் பற்றி மருமகள் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கத்தவர்கள் தங்கள் சங்கத்துக்காக ஆளுக்கொரு சிறு குவில்டை அன்பளிப்புச் செய்கிறார்கள். எல்லாமே 12 அங்குலச் சதுரம். ஏலம் இணையத்தில் நடக்கிறது. நாம் அறிந்த ஏலத்தில் விலை ஏறும். இங்கே இறங்கும். முதல் நாள் பல நூறு டொலர். பிறகு நாளுக்கு நாள் படிப்படியாகக் குறைந்து 100 டொலர் வரை வரும். பொறுத்திருந்தால் மலிவாக வாங்கலாம்; ஆனால் அதற்குள் வேறொருவர் வாங்கிவிடலாம்.

வியாபாரி கண்ணால் இதைப் பாருங்கள். அளவு ஒன்று. துணியும் நூலும் ஏறத்தாழ ஒன்று. விற்கும் இடமும் ஒன்று. அப்படியிருக்க ஒன்றை முதல் நாளே உச்ச விலைக்கு வாங்குகிறார்கள். இன்னொன்று கடைசி நாள் வரை காத்திருக்கிறது. இந்த வித்தியாசத்தைத் துணியின் விலை கொண்டு விளக்க முடியாது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், கோடு எங்கே நிற்கும், எவ்வளவு இடம் வெறுமையாக இருக்கும் என்று தைத்தவர் எடுத்த முடிவுகளுக்குத்தான் அந்தப் பணம் போகிறது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. 2013 இல் தெரியவில்லை.

நான் போட்ட கணக்கு

பத்துத் துண்டுகளையும் தென்பகுதிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்குப் பொருள் விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். வெட்டுத் துண்டு 40 ரூபா. பஞ்சும் நூலும் 110 ரூபா. தலையணை உறைக்குக் கொடுப்பது போல் தையல்கூலி 150 ரூபா. இலாபம் 100 ரூபா. "நானூறு" என்றேன். அவர் பேரம் பேசவில்லை. உடனே காசை எண்ணித் தந்தார்.

வாங்குபவர் பேரம் பேசாவிட்டால் நாம் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். முப்பது வருடத் தொழிலில் இது எனக்குத் தெரியாததல்ல. அன்று மாத்திரம் மறந்துபோனேன். கால்மிதிக்கு 400 ரூபா கிடைத்ததே என்ற சந்தோசத்தில் வீடு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அவ்வழியால் சென்ற மருமகளின் தோழி ஒருத்தி அந்தக் கடையில் விலைச் சீட்டைப் பார்த்திருக்கிறாள். 2,500 ரூபா. மருமகள் என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. "மாமா, துண்டுக்குக் கணக்குப் பாத்தீங்க. என்ட ஒம்பது மணித்தியாலத்துக்குப் பாக்கல்லயே" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பது மணித்தியாலமா? 12 அங்குலத் துணிக்கா? நான் நம்பவில்லை.

அடுத்த பிழை

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2014 இல் அதே கடைக்காரர் தொலைபேசியில் பேசினார். அந்தச் சாம்பல், சிவப்புத் துண்டைப் போலவே 200 வேண்டும் என்றார். விலையையும் கூட்டித் தந்தார். மருமகளிடம் சொன்னேன். ஒரே மாதிரி இருநூறு தன்னால் முடியாது என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஓடரைத் தட்டிக் கழிப்பவள் எப்படி முன்னேறுவாள் என்று தங்கையிடமும் சத்தம் போட்டேன்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மாதிரியைக் கடதாசியில் பிரதி எடுத்து, தையல் தெரிந்த நான்கு பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்து 200 துண்டையும் தைப்பித்தேன். சரக்குப் போன இரண்டு கிழமையில் பெரும்பகுதி திரும்பி வந்தது. இரண்டு குறை சொன்னார்கள். ஒன்று, அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 12 அங்குலம் என்று சொன்னது சில பத்தரை அங்குலம்தான் இருந்தது. இரண்டு, சிவப்புச் சாயம் சாம்பலில் இறங்கி இளஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தது. வாங்கிய ஒருவர் அழுக்குப் போகத் தண்ணீரில் நனைத்திருக்கிறார். கடைக்காரர் மிச்சத்தையும் நனைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

பணம் போனது ஒரு பக்கம். மருமகளின் மாதிரியை அவளது அனுமதி இல்லாமல் எடுத்து, அதையும் கெடுத்து, அவள் பெயர் சொல்லாமல் விற்றேன் என்பது மறுபக்கம். அதன் பிறகு ஐந்தாறு மாதம் அவள் குவில்ட் தைக்கவே இல்லை. திரும்பவும் அபாயா தைத்தாள்.

அலபாமா கிராமத்தின் அனுபவம்

அந்த நாட்களில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகள் தன் தொலைபேசியில் சில படங்களைக் காட்டினாள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடுகிறது. அங்கு வாழ்பவர்கள் அடிமைகளாகப் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள். பழைய காற்சட்டை, வேலை உடுப்பு, மாவுச் சாக்கு ஆகியவற்றைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். மாதிரிக் கடதாசி இல்லை. கிடைத்த துண்டுக்கு ஏற்பக் கண் பார்வையில் தைத்தது.

1966 இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பெரிய நகரக் கடைகளிலிருந்து ஓடர் வந்தது. ஆனால் கடைகள் கேட்டது ஒரே அளவு, ஒரே மாதிரி. 1972 இல் சியர்ஸ் என்ற பெரிய நிறுவனம் கோடுரோய் துணியில் தலையணை உறை தைக்கக் கொடுத்தது. பல பெண்களுக்கு அது நிரந்தர வருமானம் தந்த வேலை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

அந்த வேலையில் மிஞ்சிய கோடுரோய் வெட்டுத் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்கள் மனம் போனபடி குவில்ட் தைத்தார்கள். 2002 இல் ஹியூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், அதைத் தொடர்ந்து நியூயோர்க் விட்னியிலும் கீஸ் பெண்ட் குவில்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தக் கோடுரோய் குவில்டுகளும் அவற்றில் இருந்தன. 2006 இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் அவ்வூர்க் குவில்டுகளை வைத்துப் பத்து முத்திரைகள் வெளியிட்டது. தலையணை உறைகள் தேய்ந்து போயிருக்கும். மிச்சத் துண்டு அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. புகழ் வந்த பிறகு பணமும் உரிமையும் யாருக்கு என்ற பிரச்சினை எழுந்தது. 2007 இல் தைத்த பெண்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2008 இல் அந்த வழக்குகள் முடித்துக்கொள்ளப்பட்டன. 2021 இலிருந்து அவ்வூர்ப் பெண்கள் பலர் இணையத்தில் சொந்தக் கடை திறந்து தாங்களே விலை போட்டு விற்கிறார்கள்.

அந்தப் படங்களைக் காட்டும்போது மருமகள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு விளங்கியது. நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கலைப் படைப்பு ஒன்றைப் பதிவு செய்யாவிட்டாலும் ஆக்கியவருக்கு அதில் உரிமை உண்டு. சொந்த மருமகளாக இருந்தாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடிகாரத்தோடு உட்கார்ந்த நாள்

"நீ தைக்கிறதை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கப் போகிறேன்" என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தேன். கையில் கொப்பியும் பேனையும். சுவர்க் கடிகாரம் எதிரே.

முதலில் துண்டு பிரித்தல். பனியன் துணியை ஒதுக்கினாள். அது இழுபடும், நெய்த துணியோடு சேர்த்தால் சுருக்கம் விழும் என்றாள். கொட்டன் துணியை மாத்திரம் எடுத்தாள். சிவப்பு, கடும் நீலம், கறுப்பு மூன்றையும் தனியாக வைத்து, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாள். ஒரு சிவப்பு வெள்ளையில் பிடித்தது. அதைத் தூக்கி எறிந்தாள். அரை நிமிட வேலை. இந்த அரை நிமிடத்தை நான் செய்திருந்தால் 2014 இல் சரக்குத் திரும்பியிருக்காது.

பிறகு சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைக் கம்பளித் துணியில் துண்டுகளை வைத்து வைத்துப் பார்த்தாள். துணியோடு துணி ஒட்டிக்கொண்டு நிற்கும், ஊசி வேண்டாம். மூன்று நிறத்துக்கு மேல் எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறத்திலும் வெளிறியது, நடுத்தரம், கடுமையானது என்று வகை வைத்தாள். சின்ன அளவில் நிறம் கூடினால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும் என்றாள். பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தொலைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தாள். நீலமும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. "நிறம் வேற, ஆனா வெளிச்சம் ஒண்டு மாமா. தூரத்துல பாத்தா ரெண்டும் ஒண்டாப் போகும்" என்று சொல்லிப் பச்சையை மாற்றினாள். ஒரு கோட்டை அரை அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினாள். திரும்பவும் வலப்பக்கம் வைத்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் மூன்றாவது தடவை சரியான இடத்தில் வந்தபோது எனக்கே தெரிந்தது. இதற்குப் போனது இரண்டரை மணித்தியாலம். ஒரு தையலும் போடவில்லை.

அடுத்து வெட்டித் தைத்தல். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. தையலுக்கு இரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும். ஓர் அங்குல அகலக் கோடு வேண்டுமென்றால் ஒன்றரை அங்குலம் வெட்ட வேண்டும். 12 கோடு சேர்ந்த துண்டுக்கு 18 அங்குலத் துணி வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தையலுக்குள் மறைந்து போகிறது.

பிழையும் அப்படித்தான். 12 கோட்டுக்கு 11 தையல். ஒவ்வொரு தையலிலும் கால் அங்குலத்துக்குப் பதிலாக ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடப் பிடித்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு குறையும். 11 தையலுக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். என்னுடைய 200 துண்டில் பத்தரை அங்குலம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் விளங்கியது. சட்டையில் இந்தப் பிழை தெரியாது. 12 அங்குலத்தில் தப்ப முடியாது. வெட்டுவதற்கும் தைப்பதற்கும் இரண்டு மணித்தியாலம் சென்றது.

ஒவ்வொரு தையலையும் ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினாள். இழுத்துத் தேய்க்கவில்லை, தூக்கித் தூக்கி வைத்தாள். இழுத்தால் கோடு வளையும். பின்னர் மேல்துணி, வாடிங், கீழ்த்துணி மூன்றையும் அடுக்கி ஊசி குத்தினாள். அளவு 13 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. தையல் ஓடும்போது துணி சுருங்கும் என்பதால் கூடுதலாக வைத்துக் கடைசியில் 12 க்கு வெட்டுவாள். இதற்கு முக்கால் மணித்தியாலம்.

அடுத்தது குவில்ட் தையல். மெஷினில் சாதாரண ஃபுட் போட்டால் கீழ்த்துணி முன்னால் போய் மேல்துணி பின்தங்கும். மூன்று அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் வோக்கிங் ஃபுட் போட்டாள். கால் அங்குல இடைவெளியில் நேர்க்கோடுகள். 12 அங்குலத்துக்கு 47 கோடு. கோட்டுக்கு 12 அங்குலம் என்றால் மொத்தம் 47 அடித் தையல். ஒரு கோடு வளைந்தாலும் தெரியும். இரண்டு மணித்தியாலம்.

கடைசியாக ஓரம் வெட்டி, விளிம்பைப் பின்பக்கம் மடித்துக் கையால் தைத்தாள். தொங்கவிடக் கம்பு நுழையும் உறை ஒன்று மேலே. பின்பக்கத்தில் சிறிய வெள்ளைத் துணி. அதில் அவள் பெயர், வருடம், துணி வகை, எப்படிக் கழுவுவது என்ற குறிப்பு. ஒன்றேமுக்கால் மணித்தியாலம்.

கொப்பியில் கூட்டினேன். ஒன்பது மணித்தியாலம். ஒரு நிமிடமும் கூட்டிச் சொல்லவில்லை அவள்.

சரியான கணக்கு எப்படி?

அன்று இரவு இருவரும் உட்கார்ந்து போட்ட முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். விளங்குவதற்காக உதாரணத் தொகைகளோடு தருகிறேன். உங்கள் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மணித்தியாலத்துக்கு 300 ரூபா என்று வையுங்கள். 9 மணித்தியாலத்துக்கு 2,700. துணி, வாடிங், நூல் 350. மின்சாரம், ஊசி, மெஷின் தேய்மானம் 150. ஆக 3,200 ரூபா. நம்மில் அநேகர் இதிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் கலைவேலையில் ஐந்து செய்தால் ஒன்று மனதுக்குச் சரிவராது, விற்க முடியாது. ஐந்தின் செலவு 16,000. விற்பது நான்கு. ஆகவே ஒன்றின் உண்மைச் செலவு 4,000. இதில் நூற்றுக்கு 20 இலாபம் வைத்தால் 4,800 ரூபா. அதற்குக் கீழே கடைக்குக் கொடுக்கக் கூடாது. கடைக்காரர் தன் வாடகையும் இலாபமும் சேர்த்து இரட்டிப்பு விலை போட்டால் 9,600. அது அவரது உரிமை. 2013 இல் அந்தக் கடைக்காரர் 2,500 போட்டது குற்றமில்லை. நான் 400 சொன்னதுதான் குற்றம்.

இந்த 4,800 அடி மட்டம். அதற்கு மேல் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துண்டின் அழகும் தைத்தவரின் பெயரும். அந்த இறங்கும் ஏலத்தில் முதல் நாளே போகும் துண்டைப் போல.

சின்ன அளவைத் தெரிந்தெடுத்ததிலும் ஒரு வியாபாரப் புத்தி இருக்கிறது. பெரிய குவில்ட் ஒன்றுக்கு மாதக்கணக்கில் பணம் முடங்கும். பிழைத்தால் எல்லாம் போச்சு. 12 அங்குலத்தில் பிழைத்தால் ஒன்பது மணித்தியாலத்தோடு முடிந்தது. பயணிகளின் பெட்டியில் மடியாமல் வைக்கலாம். தபாலில் அனுப்பலாம். வாங்குபவரும் அதிகம் யோசிக்காமல் வாங்குவார்.

வியாபாரச் சகோதரர்களுக்குச் சில வார்த்தை

ஒன்று, ஓடருக்குத் தைக்கும் சரக்கையும் ஒற்றைத் துண்டையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். இன்று சட்டி பிடிக்கும் துணியும் குஷன் உறையும் ஒரே மாதிரி நான்கு பெண்பிள்ளைகள் தைக்கிறார்கள். அது மாத வருமானம். மருமகளின் சுவர்த் துண்டு வேறு. மாதம் ஐந்தாறுதான் வரும். இரண்டும் வேண்டும். ஒன்றின் விலையை மற்றதற்குப் போடக் கூடாது.

இரண்டு, வெட்டுத் துண்டு வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். நிறுவனங்களின் பெயரோ சின்னமோ அச்சடித்த துண்டைத் தையலில் பாவிக்க விடாதீர்கள். பிறகு பிரச்சினை வரும்.

மூன்று, சாயம் பிடிக்குமா என்று நனைத்துப் பார்க்காமல் ஒரு துண்டும் கடைக்குப் போகக் கூடாது.

நான்கு, மாதிரியை ஆக்கியவரின் பெயர் பொருளில் இருக்கட்டும். திரும்பச் செய்ய வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள்; ஒரு பங்கையும் பேசிக்கொள்ளுங்கள். எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது.

இந்தத் தொழிலில் பெரும் பணக்காரராகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 இல் கொரோனாவால் பயணிகள் வரவு நின்றபோதும், 2022 இல் நாடு தட்டுத் தடுமாறியபோதும் சுவர்த் துண்டு விற்பனை படுத்துவிட்டது. குஷன் உறையும் அபாயாத் தையலும்தான் அந்த வீட்டை நிறுத்தியது. ஆனால் நிலைமை சீரான பிறகு மருமகள் தன் விலையில் இருந்து இறங்காமல் திரும்ப ஆரம்பித்தாள்.

அந்தப் பத்துத் துண்டுக்கும் நான் குறைத்துச் சொன்ன தொகையை மாதாமாதம் சேர்த்து ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருமகள் வாங்க மறுத்தாள். "வைங்க நானா" என்று தங்கை வாங்கி அலுமாரியில் வைத்தாள்.

இப்போது என் கடையில் காசு மேசைக்கு மேலே ஒரு துண்டு தொங்குகிறது. சாம்பலும் சிவப்பும். அண்மையில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது மீட்டர் என்ன விலை ஹாஜியார்?" என்று கேட்டார். நான் விலை சொல்லவில்லை. மருமகளின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.